அறுபது பேரை வரவழைத்து என்ன காட்டுவது?

கேள்வி: வணக்கம். கோவை கணபதியில் மோனோபிளாக் பம்ப் (மோட்டாரும் பம்பும் ஒன்றாகச் சேர்ந்தது) தயாரிக்கும் சின்ன கம்பெனி நடத்துகிறேன். 45 பேர் வேலை செய்கிறார்கள். பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியை, பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் 60 பேரை ஒரு நாள் அழைத்து வரலாமா, வேலை உலகம் எப்படி இருக்கும் என்று அவர்கள் பார்க்க வேண்டும் என்கிறார். போன வருஷம் வேறொரு பள்ளியிலிருந்து வந்தார்கள். வரிசையாக நடந்து மெஷின்களைப் பார்த்தார்கள், நான் அரை மணி நேரம் பேசினேன், சமோசா, டீ, குரூப் போட்டோ, கிளம்பிவிட்டார்கள். அதில் அவர்களுக்கு என்ன கிடைத்தது என்று எனக்கே தெரியவில்லை. சூப்பர்வைசர் "ஒரு நாள் புரொடக்ஷன்தான் போச்சு" என்கிறார். இந்த முறை பாதிக்கு மேல் பெண் பிள்ளைகள், காமர்ஸ் குரூப்பும் உண்டாம். ஏதாவது அடிபட்டுவிட்டால் என்ன செய்வது என்ற பயமும் இருக்கிறது. உள்ளதைச் சொன்னால், எங்களுக்கு ஆள் கிடைப்பதே இல்லை, இவர்களில் நாலு பேர் பின்னால் வேலைக்கு வந்தால் நல்லது என்றும் ஒரு எண்ணம். எப்படிச் செய்வது?

பதில்:

வணக்கம் சார். முதலில் ஒன்று, "அவர்களுக்கு என்ன கிடைத்தது என்று தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தக் கேள்வியைக் கேட்பவர்களே குறைவு. பெரும்பாலான கம்பெனிகளில் போட்டோ நன்றாக வந்ததா என்பதோடு விஷயம் முடிந்துவிடும். பள்ளிகளுக்கும் தொழிற்கூடங்களுக்கும் நடுவில் இந்த ஏற்பாடுகளைச் செய்வதுதான் என் வேலை என்பதால், நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போன வருஷம் நடந்தது சுற்றிக்காட்டல். பதினாறு வயதுப் பிள்ளைக்கு, கம்ப்யூட்டர் கட்டளைப்படி உலோகத்தைக் கடையும் ஒரு சிஎன்சி மெஷினை ஐந்து நிமிஷம் காட்டினால் அவன் பார்ப்பது ஒரு பெட்டி, உள்ளே தண்ணீர் மாதிரி கூலன்ட் அடிக்கிறது, ஏதோ சுற்றுகிறது, அவ்வளவுதான். அந்தப் பெட்டிக்கு முன்னால் நிற்கும் அண்ணன் எந்த ஊர், என்ன படித்தார், எத்தனை மணிக்கு வருகிறார், எதைப் பார்த்து எதை முடிவு செய்கிறார், தப்பானால் யார் கேட்பார்கள், இதெல்லாம் தெரிந்தால்தான் "இந்த வேலைக்கு நான் போக முடியுமா" என்ற கேள்வியே அவனுக்குள் எழும். அவர்கள் வீட்டில் அப்பா கட்டட வேலைக்கோ மில்லுக்கோ போகலாம், அம்மா வீட்டு வேலைக்குப் போகலாம். தெரிந்த படித்த ஆள் என்றால் டீச்சர், நர்ஸ், போலீஸ். குவாலிட்டி இன்ஸ்பெக்டர், டிசைன் டிராஃப்ட்ஸ்மேன், பர்ச்சேஸ் ஆபீசர் என்று வேலைகள் இருப்பதையே யாரும் அவர்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். உங்கள் 45 பேரில் குறைந்தது பத்துப் பன்னிரண்டு விதமான வேலை இருக்கும், எண்ணிப் பாருங்கள். நீங்கள் காட்ட வேண்டியது அந்த ஆட்களைத்தான், அதோடு அவர்கள் செய்யும் வேலையில் ஒரு சின்னத் துண்டைப் பிள்ளைகள் கையாலேயே செய்து பார்க்க வேண்டும்.

அதனால் 60 பேரை ஒரே நாளில் ஒத்துக்கொள்ளாதீர்கள். தலைமையாசிரியையிடம் பேசி இரண்டு நாளாகப் பிரியுங்கள், ஒரு நாளைக்கு 30 பேர். இல்லாவிட்டால் அக்கம்பக்கத்து யூனிட்டுகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கணபதியில் இருப்பவருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, வார்ப்புக்கு மாதிரி அச்சான பேட்டர்ன் செய்பவர் ஒரு தெருவில், மெஷினிங் ஜாப் ஒர்க் இன்னொரு தெருவில், பவுடர் கோட்டிங் அதற்கு அடுத்ததில் என்றுதான் கோவையில் ஒரு பம்ப் உருவாகிறது. மூன்று முதலாளிகள் ஆளுக்கு இருபது பிள்ளைகளை எடுத்துக்கொண்டு, மதியம் எல்லோரையும் ஓரிடத்தில் உட்காரவைத்து "நாங்க என்ன பார்த்தோம்" என்று ஒருவருக்கொருவர் சொல்லவைத்தால் அது இன்னும் பிரமாதமாக இருக்கும். நீங்கள் கோவை மாவட்டச் சிறுதொழில் சங்கமான கொடிசியாவில் உறுப்பினர் என்றால் அங்கே ஒரு வார்த்தை போட்டுப் பாருங்கள், பக்கத்து யூனிட்காரர்களைச் சேர்க்க அது வசதி. ஆனால் முதல் தடவை தனியாகவே, 30 பேரோடு செய்து பார்ப்பது நல்லது என்பது என் கருத்து.

30 பேரை நாலு அணியாகப் பிரித்தால் அணிக்கு ஏழெட்டுப் பேர். நாலு இடம், இடத்துக்கு 40 நிமிஷம். சாப்பாட்டுக்கு முன் இரண்டு, பின் இரண்டு. காலை 10 மணிக்கு ஆரம்பித்தால் மூன்று மணிக்குள் முடிந்துவிடும். காமர்ஸ், சயின்ஸ் என்று அணி பிரிக்க வேண்டாம், கலந்து விடுங்கள். எல்லோரும் எல்லா இடத்துக்கும் போகட்டும். அந்த நாலு இடத்தில் என்ன செய்யலாம் என்று உங்கள் கம்பெனிக்கே பொருந்தும்படி சொல்கிறேன்.

முதலாவது, இன்ஸ்பெக்ஷன் மேசை. மோட்டாருக்குள் சுற்றும் தண்டான ரோட்டார் ஷாஃப்டில் ஏறும் பேரிங் 6204 என்று வைத்துக்கொள்வோம். பேரிங்கைக் கையில் கொடுத்து, "இந்த நம்பரிலேயே இதன் உள்விட்டம் இருக்கிறது, கண்டுபிடியுங்கள்" என்று விடுங்கள். கடைசி இரண்டு எண் 04, அதை ஐந்தால் பெருக்கினால் 20 மில்லிமீட்டர். வெர்னியர் வைத்து அளந்து பார்த்தால் சரியாக இருக்கும், அப்போது அந்த முகங்களைப் பாருங்கள். அடுத்து ஐந்து ஷாஃப்டுகளை வரிசையாக வையுங்கள், அதில் ஒன்று நீங்கள் ரிஜெக்ட் செய்தது, சைஸ் கொஞ்சம் குறைந்தது. கண்ணுக்கு ஐந்தும் ஒன்றுபோலத்தான் இருக்கும். மைக்ரோமீட்டர் பிடித்தால்தான் 19.95 என்று மாட்டும். அவர்கள் பள்ளி லேபில் திருகு அளவி என்று படித்தது இதே கருவிதான், அங்கே அதில் கம்பியின் தடிமனை அளந்து நோட்டில் எழுதி மார்க் வாங்கியிருப்பார்கள். இங்கே அந்த அளவு தப்பினால் பேரிங் ஷாஃப்டில் இறுக்கமாக உட்காராமல் சுற்றிச் சுற்றித் தேய்த்து, ஆறு மாதத்தில் ஏதோ ஒரு தோட்டத்து மோட்டார் சத்தம் போட ஆரம்பிக்கும் என்பதை உங்கள் இன்ஸ்பெக்டரே சொல்லட்டும். அந்த ரிஜெக்ட் ஷாஃப்டை "ஓகே" என்று விட்டால் என்ன ஆகும், சூப்பர்வைசர் அவசரப்படுத்தினால் என்ன செய்வீர்கள் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். வேலை என்றால் என்னவென்று அந்த இடத்தில்தான் புரியும்.

இரண்டாவது, பம்பை ஓட்டிச் சோதிக்கும் டெஸ்டிங் பெட். இங்கே வால்வையும் சுவிட்சையும் உங்கள் ஆள் மட்டும்தான் தொட வேண்டும், பிள்ளைகள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று கேஜைப் படித்து எழுதினால் போதும். பிரஷர் கேஜில் ஒரு கிலோ காட்டினால் ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரைத் தள்ளும் பலம் என்று சொல்லிவிட்டு, "அப்படியென்றால் மூன்று மாடி வீட்டுக்கு எவ்வளவு வேண்டும்" என்று கணக்குப் போடவிடுங்கள். அப்புறம் டெலிவரி வால்வை மெதுவாக மூடப்போகிறோம், மோட்டார் இழுக்கும் ஆம்பியர் கூடுமா குறையுமா என்று முன்கூட்டியே கை தூக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் எல்லோரும் கூடும் என்பார்கள், மூடினால் மோட்டார் கஷ்டப்படும் என்றுதானே தோன்றும். உங்கள் மோனோபிளாக்கில் அது குறையும், தள்ளவேண்டிய தண்ணீர் குறைகிறது அல்லவா. ஒரு கிராஃப் தாளில் தண்ணீர் அளவு ஒரு பக்கம், உயரம் ஒரு பக்கம் என்று புள்ளி வைத்துக் கோடு போட்டால், டீலரிடம் நீங்கள் கொடுக்கும் கேட்டலாக்கில் இருக்கும் அதே வளைவு அவர்கள் கையால் வரும். கிணறு, போர் உள்ள வீட்டுப் பிள்ளை ஒன்றிரண்டு நிச்சயம் இருக்கும், வீட்டு மோட்டாரைப் பற்றிக் கேட்க ஆரம்பித்துவிட்டால் 40 நிமிஷம் போதாது.

மூன்றாவது, மோட்டாருக்குள் காப்பர் கம்பி சுற்றும் வைண்டிங். உங்களிடம் ஸ்டேட்டர் வைண்டிங்கில் பெண்கள் இருப்பார்கள் என்று நினைக்கிறேன், கோவையில் பல மோட்டார் யூனிட்டுகளில் அப்படித்தான். அவர்களில் நன்றாகப் பேசக்கூடிய ஒரு அக்காவைத் தேர்ந்தெடுங்கள். மீந்த காப்பர் கம்பியில், பழைய ஃபார்மரில் (கம்பி சுற்றும் அச்சு), ஆளுக்கு முப்பது சுற்று சுற்றட்டும், பக்கத்தில் ஒருத்தர் ஒருபக்கம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்கட்டும். பாதிப் பேர் எண்ணிக்கையைத் தவறவிடுவார்கள். நாள் முழுக்க எண்ணிக்கை பிசகாமல் அந்த அக்கா செய்கிறார் என்பது அப்போதுதான் உறைக்கும். மின்சாரம் எதிலும் இருக்கக்கூடாது, இது பேச்சுக்கே இடமில்லாத விதி.

நாலாவது, ஆபீஸ். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், "அங்க என்ன இருக்கு, கம்ப்யூட்டர்தானே" என்று. காமர்ஸ் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள், அவர்களைக் கூட்டி வந்து நாள் முழுக்க லேத்தைக் காட்டினால் "இது நமக்கில்ல" என்று ஓரமாக நிற்பார்கள். உங்கள் அக்கவுன்ட்ஸ் ஆளிடம் இரண்டு பில் காப்பி எடுத்துவைக்கச் சொல்லுங்கள், பெயர், தொகையை மறைத்துவிட்டு. ஒன்று பொள்ளாச்சி டீலருக்குப் போனது, இன்னொன்று பாலக்காட்டுக்குப் போனது. இரண்டிலும் ஒரே பம்ப், ஒரே விலை, ஆனால் வரி எழுதியிருக்கும் விதம் வேறு, ஏன் என்று கண்டுபிடியுங்கள் என்று விடுங்கள். ஒன்றில் மத்திய அரசுக்கு சிஜிஎஸ்டி, மாநில அரசுக்கு எஸ்ஜிஎஸ்டி என்று இரண்டாகப் பிரிந்திருக்கும், வாளையாறு தாண்டிக் கேரளாவுக்குப் போனதில் ஐஜிஎஸ்டி என்று ஒன்றாக இருக்கும். புத்தகத்தில் படித்தது இங்கே காகிதத்தில் ஓடுகிறது. அப்படியே பர்ச்சேஸ் ஆளும் பத்து நிமிஷம் உட்கார்ந்து, காப்பர் விலை ஏறினால் அவருக்கு என்ன தலைவலி என்று சொல்லட்டும். சர்வீஸ் மெக்கானிக் அன்று ஊரில் இருந்தால் அவரையும் விடாதீர்கள், வாடிக்கையாளர் கோபமாக இருக்கும்போது எப்படிப் பேசுவது என்று அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

இந்த நாலு இடத்திலும் நிற்கப்போகும் ஆட்களை ஒரு வாரம் முன்பே உட்காரவைத்துப் பேசுங்கள். "பிள்ளைங்க வர்றாங்க, நல்லா எடுத்துச் சொல்லுங்க" என்றால் போதாது, பயந்துவிடுவார்கள், அல்லது மெஷினின் ஆர்பிஎம், ஹெச்பி என்று ஒப்பிக்க ஆரம்பித்துவிடுவார்கள். என்ன படித்தீர்கள், எப்படி இங்கே வந்தீர்கள், பிடிக்காத விஷயம் எது, பிடித்த விஷயம் எது, இந்த நாலைச் சொன்னால் போதும் என்று சொல்லிவையுங்கள். பத்தாவதில் ஃபெயிலாகி, மறுபடி எழுதி, ஐடிஐ போய், இப்போது சிஎன்சி புரோகிராம் போடும் ஒருவர் உங்களிடம் இருந்தால் அவர் பேசும் ஐந்து நிமிஷம் உங்கள் அரை மணி நேரப் பேச்சைவிடப் பெரியது, கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் பேச வேண்டாம் என்று சொல்லவில்லை, பத்து நிமிஷம் பேசுங்கள், அதிலும் கம்பெனி வரலாற்றைவிட முதல் ஆர்டர் எப்படிக் கிடைத்தது, கடன் எப்படி வாங்கினீர்கள் என்பதைச் சொல்லுங்கள்.

சம்பளத்தைக் கேட்பார்கள். கேட்க வேண்டும். "அதெல்லாம் கேக்கக்கூடாதுப்பா" என்று டீச்சர் தடுக்கும் முன் நீங்களே சொல்லிவிடுங்கள், யாருடைய சம்பளம் என்று சொல்ல வேண்டியதில்லை, இந்த வேலைக்குப் புதிதாக வருபவருக்கு எங்கள் கம்பெனியில் இவ்வளவு, ஐந்து வருஷத்தில் இவ்வளவு என்று. அந்த எண் உங்களுக்கே சங்கடமாக இருந்தால், ஆள் கிடைக்கவில்லை என்ற உங்கள் கவலைக்கும் அதற்கும் தொடர்பு இருக்கிறதா என்று தனியாக யோசித்துப் பாருங்கள்.

சரி, அந்த ஆள் விஷயத்துக்கே வருகிறேன். அன்று ஆள் பிடிக்காதீர்கள் சார். இதில் நான் கறாராகச் சொல்கிறேன். "பன்னிரண்டாவது முடிச்சதும் நேரா இங்க வந்துருங்க" என்று நீங்கள் அன்பாகச் சொன்னாலும், வீட்டில் பணக் கஷ்டம் உள்ள பிள்ளை அதைக் கேட்டு முடிவெடுத்துவிடும், இரண்டு வருஷத்தில் அது தவறு என்று தெரியும்போது திரும்ப முடியாது. அதற்குப் பதிலாக எல்லா வழியையும் சொல்லுங்கள். பன்னிரண்டாவதில் உரிய பாடங்களை எடுத்து முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம், டிப்ளமோ முடித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம், ஐடிஐ முடித்து அப்ரன்டிஸாகச் சேர்ந்து உதவித்தொகையோடு கற்கலாம். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்து மேற்படிப்புக்குப் போகும் பெண்களுக்குப் புதுமைப்பெண், பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் உண்டு, இன்ஜினியரிங்கில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021 முதல் இருக்கிறது. இவற்றைப் பள்ளியிலும் நான் முதல்வன் வகுப்பில் சொல்லியிருப்பார்கள், ஆனால் உங்கள் டிப்ளமோ ஆள் "நான் இப்படித்தான் போனேன், ஃபீஸ் இவ்வளவு ஆச்சு" என்று சொன்னால் அது மண்டையில் ஏறும். இப்படி நேர்மையாக நடந்துகொண்டால் ஐந்து வருஷம் கழித்து டிப்ளமோவோடு ஒருவர் உங்கள் கேட்டில் வந்து நிற்பார், இந்தப் பிள்ளைகளுக்கு இந்த ஊரில் பெயர் தெரிந்த ஒரே கம்பெனி உங்களுடையதாக இருக்கலாம்.

இதே மூச்சில் இன்னொன்று. கோவையில் யார் மாணவர்களிடம் பேசினாலும் ஜி.டி. நாயுடு பெயர் வராமல் போகாது, 1937-இல் இந்தியாவின் முதல் மின்மோட்டாரை இங்கே செய்தவர்களில் அவர் முன்னால் நின்றவர், பெருமையாகச் சொல்லுங்கள். ஆனால் "அவர் எங்கே பெருசா படிச்சார்" என்ற வாக்கியத்தை அதோடு ஒட்டாதீர்கள். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத அதே மனிதர்தான் 1945-இல் அன்றைய சென்னை ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி இங்கே வரக் காரணமாக இருந்தார், இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி (ஜிசிடி) அதுதான். அவரே படிப்பு வேண்டும் என்று நினைத்ததால்தானே கல்லூரி வந்தது, அந்தப் பகுதியைச் சொல்லுங்கள்.

இப்போது அடிபடும் பயம். பயம் நியாயமானது, ஆனால் வரவேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு இல்லை. பவர் பிரஸ், பெயின்ட் பூத், உலை, கிரேன் இருக்கும் பக்கம் இந்த நிகழ்ச்சியில் சேராது, அங்கே கயிறு கட்டிவிடுங்கள். நடக்கும் பாதைக்குத் தரையில் மஞ்சள் கோடு மங்கியிருந்தால் புதிதாக அடித்துவிடுங்கள், டெஸ்டிங் பெட் பக்கம் தரை ஈரமாக இருக்கும், காலையில் துடைக்கச் சொல்லுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி ஒவ்வொருவருக்கும், 30 வாங்கினால் அடுத்த நாளுக்கும் ஆகும். துப்பட்டாவை இரண்டு பக்கமும் பின் பண்ணியிருக்க வேண்டும், சடையை மடித்துக் கட்டியிருக்க வேண்டும், வளையல், கயிறு, சட்டைக்கு வெளியே தொங்கும் ஐடி கார்டு எல்லாம் கழற்றிப் பைக்குள், பை ஆபீஸுக்குள். மூடிய ஷூ இல்லாமல் செருப்போடு ஒருத்தர் வந்தால் திருப்பி அனுப்பாதீர்கள், அவமானமாகிவிடும். ஆபீஸ், இன்ஸ்பெக்ஷன் மேசை என்று தரை பாதுகாப்பான இடங்களில் அந்த அணியை முதலில் விட்டு, மற்ற இடங்களுக்குப் போட ஷூ நாலைந்து ஜோடி கைவசம் வைத்துக்கொள்ளுங்கள். இந்த விவரமெல்லாம் ஒரு வாரம் முன்பே பள்ளிக்குப் போய்ச் சேர வேண்டும். பெற்றோர் ஒப்புதல் கடிதம் பள்ளி வாங்கித் தரட்டும், உங்கள் இன்ஷூரன்ஸ் ஏஜென்டுக்கு ஒரு போன் போட்டுப் பார்வையாளர்களுக்கு பாலிசியில் இடம் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

சட்டப்படி, பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களை ஆபத்தான வேலையில் ஈடுபடுத்தக் கூடாது, பதினான்குக்குக் கீழே என்றால் வேலையே கூடாது. உங்களிடம் வருபவர்கள் பார்க்கவும் பழகவும் வருகிறார்கள். அதனால் அன்று அவர்கள் தொட்டது எதுவும் விற்பனைக்குப் போகும் பொருளாக இருக்க வேண்டாம், சுற்றிய காயிலைக்கூட ஸ்கிராப்பில் போட்டுவிடுங்கள், அல்லது அவர்களிடமே கொடுத்துவிடுங்கள். "சும்மா ஒரு மணி நேரம் பேக்கிங்ல உதவட்டுமே" என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள்.

பாதிக்கு மேல் பெண் பிள்ளைகள் என்று சொல்லியிருந்தீர்கள். முதல் வேலை கழிப்பறை. பெண்களுக்கென்று தனியாக, தாழ்ப்பாள் சரியாக விழும்படி, தண்ணீர், மூடியுள்ள குப்பைத்தொட்டி, ஒரு பாக்கெட் நாப்கின் வைத்து. இது சரியில்லாவிட்டால் காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் இருப்பார்கள், அந்த நிலையில் எந்த ஷாஃப்டை அளப்பது? உங்களிடம் வேலை செய்யும் பெண்களுக்கும் அது அன்றிலிருந்து அப்படியே இருக்கட்டும். பள்ளியிலிருந்து ஒரு பெண் ஆசிரியர் கட்டாயம் வர வேண்டும். எந்தப் பிள்ளையோடும் யாரும் தனியாக நிற்கக் கூடாது, போன் நம்பர் வாங்கக் கூடாது, கொடுக்கக் கூடாது, போட்டோ பள்ளி அனுமதித்தது மட்டும். உங்கள் ஆட்களிடம் இதை நேரடியாகவே சொல்லுங்கள், தப்பாக நினைக்க மாட்டார்கள். அப்புறம், அணிகளில் பையன்கள் முன்னால் போய் மைக்ரோமீட்டரைப் பிடித்துக்கொள்வார்கள், பெண்கள் நோட்டில் எழுதிக்கொண்டு நிற்பார்கள், கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் நான் பார்ப்பது இது. இடத்துக்கு இடம் கருவி யார் கையில் என்பதை மாற்றிக்கொடுங்கள், இது உங்கள் ஆள் பார்த்துக்கொள்ள வேண்டியது.

சூப்பர்வைசரின் புரொடக்ஷன் கவலைக்குப் பதில் நாளைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. மாதக் கடைசி வேண்டாம், டிஸ்பாட்ச் நெருக்கடி இருக்கும், ஆபீஸ் ஆட்கள் தலைநிமிர மாட்டார்கள். உங்கள் ஃபீடருக்கு (உங்கள் பகுதிக்குக் கரண்ட் வரும் லைன்) மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள், பிள்ளைகள் வரும் நாளில் கரண்ட் இல்லையென்றால் டெஸ்டிங் பெட் சும்மா நிற்கும். செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு, அதனால் ஜூலை, ஆகஸ்ட் நல்லது. இந்த ஏற்பாட்டில் உண்மையில் வேலை நிற்பது நாலு மேசையில் மட்டும்தான், மற்ற இடம் வழக்கம்போல ஓட வேண்டும், ஓடினால்தான் பார்க்கவே நன்றாக இருக்கும். முடிந்தால் சூப்பர்வைசரையே இன்ஸ்பெக்ஷன் மேசைக்குப் பொறுப்பாக்குங்கள். கேள்வி கேட்கும் எட்டுப் பிள்ளைகள் நடுவில் நின்ற பிறகு முகம் மாறுவதை நிறைய சூப்பர்வைசர்களிடம் பார்த்திருக்கிறேன்.

சாப்பாடு நீங்களே போடுங்கள். சத்துணவு பத்தாவதோடு முடிகிறது, பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் டப்பா கொண்டுவருவார்கள், சிலர் கொண்டுவர மாட்டார்கள், அது தெரியும்படி ஆகக் கூடாது. விருந்து வேண்டாம், உங்கள் ஆட்கள் சாப்பிடும் இடத்தில், அவர்களோடு கலந்து உட்கார்ந்து, அதே சாம்பார் சாதம், தயிர் சாதம். சாப்பிடும்போது நடக்கும் பேச்சை எந்த நிகழ்ச்சி நிரலிலும் போட முடியாது. பொன்னாடை, வரவேற்புரை, குத்துவிளக்கு எல்லாம் இந்த நாளில் நேரத்தைத் தின்னும், தலைமையாசிரியையிடம் முன்பே சொல்லிவிட்டால் அவரும் நிம்மதியடைவார்.

ஒரு நாளில் என்ன ஆகிவிடும் என்று நீங்கள் கேட்கலாம். தனியாக ஒரு நாள் என்றால் பெரிதாக ஒன்றும் ஆகாது. பிரிட்டனில் 2012-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பள்ளிக் காலத்தில் இப்படி வேலை தருபவர்களோடு நாலு முறையாவது தொடர்பு கிடைத்ததாகச் சொன்ன இளைஞர்களில், படிப்பும் இல்லாமல் வேலையும் இல்லாமல் இருந்தவர்கள், ஒரு தொடர்பும் கிடைக்காதவர்களோடு ஒப்பிட்டால் ஐந்தில் ஒரு பங்குதான். அதற்கு வேறு காரணங்களும் சேர்ந்திருக்கலாம், ஆனால் திரும்பத் திரும்ப நடக்க வேண்டும் என்பது தெளிவு. ஜப்பானில் ஹியோகோ மாகாணத்தில் 1998 முதல் எட்டாம் வகுப்பு வயதுப் பிள்ளைகளை ஒரு வாரமே கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் பண்ணைகளுக்கும் அனுப்பிவருகிறார்கள். நம்மால் ஒரு வாரம் முடியாது, சரி. அடுத்த வருஷம் புதிதாக வேறு பள்ளியை அழைப்பதைவிட இதே பிள்ளைகளைப் பன்னிரண்டாவதில் இன்னொரு முறை அரை நாள் வரவழையுங்கள், நடுவில் உங்கள் டிப்ளமோ ஆளும் வைண்டிங் அக்காவும் ஒரு பீரியட் பள்ளிக்குப் போய்வரட்டும். அதே பள்ளியின் ஒன்பதாம் வகுப்பையும் பட்டியலில் சேருங்கள். பதினொன்றில் எந்த குரூப் எடுப்பது என்று முடிவு செய்வதற்கு முன்னால் பார்த்தால்தானே உபயோகம், இப்போது வருபவர்கள் அதை முடிவு செய்துவிட்டு வருகிறார்கள்.

பலன் இருந்ததா என்று பார்க்க நீளமான ஃபீட்பேக் படிவம் தேவையில்லை, எல்லோரும் "மிகவும் பயனுள்ளதாக இருந்தது" என்றுதான் எழுதுவார்கள். இரண்டு நாள் கழித்து வகுப்பில் ஒரு துண்டுத் தாளில் இரண்டு கேள்விக்கு மட்டும் பதில் எழுதச் சொல்லி ஆசிரியரைக் கேளுங்கள்: போன வாரம் வரை உனக்குத் தெரியாத எந்த வேலையைப் பற்றி இப்போது தெரியும், அதற்குப் போக என்ன படிக்க வேண்டும். இரண்டாவது கேள்விக்கு நிறைய தாள் காலியாக இருந்தால், அடுத்த முறை அந்த இடத்தில் இன்னும் நேரம் கொடுக்க வேண்டும் என்று அர்த்தம். தாள்களை உங்கள் ஆட்களிடமும் படித்துக் காட்டுங்கள்.

தலைமையாசிரியைக்கு இன்றைக்கே பதில் அனுப்பிவிடலாம், இந்த மாதிரி: "வணக்கம் மேடம். மாணவர்களை வரவேற்கிறோம். ஒரு நாளைக்கு 30 பேராக இரண்டு நாள் வந்தால் ஒவ்வொருவரும் கையால் செய்து பார்க்க முடியும். ஜூலை மூன்றாவது வாரத்தில் செவ்வாய், புதன் வசதிப்படுமா? ஒரு பெண் ஆசிரியர் உட்பட இரண்டு ஆசிரியர்கள் உடன் வர வேண்டும். மதிய உணவு எங்கள் பொறுப்பு. உடை, காலணி பற்றிய விவரமும் பெற்றோர் ஒப்புதல் படிவமும் தனியாக அனுப்புகிறோம். வருவதற்கு முன் ஒவ்வொரு மாணவரும் எங்கள் ஊழியர்களிடம் கேட்க இரண்டு கேள்விகள் எழுதிவைக்கச் சொல்லுங்கள், அதில் ஒன்று சம்பளத்தைப் பற்றி இருந்தாலும் பரவாயில்லை."